உம்மம்மாவின் மண உடைக்கு ஒரு விண்ணப்பம்



கணினி விளையாட்டில் வரும் ஒரு பொம்மைக்கு உடை கேட்டு எழுதிய மடலைப் பற்றி இங்கே எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்கும் அது தொடக்கத்தில் பிள்ளை விளையாட்டாகவே தோன்றியது. அம்மடலுக்கு வந்த மறுமொழியைப் படித்த பின்னரே, எங்கள் குடும்ப வரலாற்றில் எவ்வளவு கைநழுவிப் போயிருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கிற்று.

எங்கள் வீட்டுப் பதினைந்து வயது மகள் ‘தி சிம்ஸ் 4’ என்னும் விளையாட்டை ஆடுபவள். இதில் வெற்றி, தோல்வி என்று எதுவும் இல்லை. வீடு கட்டலாம், அதில் மனிதர்களைக் குடியேற்றலாம், அவர்கள் உழைப்பார்கள், மணம் புரிவார்கள், பிள்ளை பெறுவார்கள், முதுமையடைந்து இறப்பார்கள். அதில் நமக்கு உவப்பில்லாத பகுதிகளும் உண்டு. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பெற்றோர் உடனிருந்து தீர்மானிக்க வேண்டும். எங்கள் மகளோ அந்த விளையாட்டுக்குள் தன் சொந்தக் குடும்பத்தையே கட்டத் தொடங்கியிருந்தாள். முதல் தலைமுறை, எங்கள் உம்மம்மா. 1954 இல் அவருக்கு நிகழ்ந்த நிக்காஹ்விலிருந்து கதை தொடங்க வேண்டும் என்பது அவள் திட்டம். வீட்டைக் கட்டினாள், முற்றத்தைத் திறந்து வைத்தாள், திண்ணை வைத்தாள். மணப்பெண்ணுக்கு உடை மட்டும் கிடைக்கவில்லை.

இத்தகைய உடைகளை வரைந்து இலவசமாகத் தருவோர் உலகெங்கும் இருக்கின்றனர். ஐரோப்பாவில் வாழும் அப்படிப்பட்ட ஒரு பெண்மணிக்கு மகள் மடல் எழுதினாள். மடலில் இரண்டே வரிகள்: 1954 ஆம் ஆண்டின் முஸ்லிம் மணப்பெண்ணுடைய உடை வேண்டும், இயலுமாயின் மணமகனுடையதும் வேண்டும்.

மூன்று நாள்களில் ஓர் உடை வந்தது. மணிகள் பதித்த அகன்ற பாவாடை, இடைவரை இறங்கும் சட்டை, தலையில் மெல்லிய செந்நிறத் துகில், நெற்றியில் பெரிய பதக்கம். தில்லியிலோ லாகூரிலோ நடக்கும் ஒரு திருமணத்திற்கு மிகப் பொருத்தமான உடை. உம்மம்மா அப்படியோர் ஆடையைத் தம் வாழ்நாளில் கண்டிருக்கவும் மாட்டார். தவறு எங்களுடையதே. ‘முஸ்லிம் மணப்பெண்’ என்று கேட்டோம். அச்சொல்லைக் கேட்டவுடன் உலகத்தின் மனத்தில் எழும் உருவத்தை அவர் வரைந்து அனுப்பினார். அப்படி ஓர் உடை வரலாற்றில் எந்நாளும் இருந்ததில்லை. மொரோக்கோவின் மணப்பெண் கஃப்தான் அணிகிறாள். ஜாவாவில் பத்திக் துணியைச் சுற்றிக்கொள்கிறாள். பாலஸ்தீனத்தில் ஊருக்கு ஊர் வேறுபடும் சிலுவைத் தையல் பூவேலை செய்த அங்கியை அணிகிறாள். மார்க்கம் வரம்பைச் சொன்னது. வண்ணத்தையும் வெட்டையும் அந்தந்த மண்ணுக்கே விட்டுவிட்டது.

மகள் மன்னிப்புக் கேட்டு விளக்கமாக எழுதினாள். அப்போது வந்த மறுமொழிதான் எங்களைத் திணறச் செய்தது. அது தைத்த ஆடையா, சுற்றிக் கட்டுவதா? முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்கள் வேண்டும். தலையை மூடுவது சேலையின் முந்தானையா, தனித் துணியா? கரை எத்தனை விரல் அகலம்? சட்டையின் கை எங்கே முடிகிறது? என்ன நிறம்? பணிவான மடல். ஒரு கேள்விக்கும் எங்களிடம் முழுமையான விடை இல்லை.

இங்கே அந்த விளையாட்டின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1991 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பெருந்தீ மூண்டது. அதில் வீட்டை இழந்தவர்களுள் வில் ரைட் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளரும் ஒருவர். எரிந்துபோன வீட்டைத் திரும்ப அமைக்கும்போது, எந்தப் பொருள் மனிதனுக்கு உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று அவர் எண்ணத் தலைப்பட்டதே ‘தி சிம்ஸ்’ விளையாட்டுக்கு வித்தாயிற்று என்று அவரே கூறியிருக்கிறார். 2000 பிப்ரவரியில் அது வெளிவந்தது. இழந்த வீட்டிலிருந்து பிறந்த விளையாட்டில், எங்கள் மகள் இழந்துபோன ஒரு வீட்டைக் கட்ட முயன்றாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆடையைப் பிறர் வரைந்து சேர்க்கலாம் என்னும் ஏற்பாடு அதில் தொடக்கம் முதலே உண்டு. முதல் விளையாட்டு கடைக்கு வருமுன்பே அதற்கான கருவிகளைத் தயாரிப்பாளர்கள் வெளியிட்டுவிட்டனர். 2004 இல் வந்த இரண்டாம் விளையாட்டுக்கும் ‘பாடி ஷாப்’ என்னும் ஒப்பனைக் கருவி முன்கூட்டியே தரப்பட்டது. 2009 இல் வந்த மூன்றாவதில் எந்தத் துணிக்கும் எந்த நிறத்தையும் பூவேலையையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம். 2014 இல் நான்காவது வந்தபோது அந்த வசதி நீங்கிவிட்டது. அதனால் ஒரே சட்டையை வேறு நிறத்தில் பெறுவதற்குக்கூட இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. 2022 இல் திருமணத்திற்கென்றே ஒரு தனித் தொகுப்பு வெளியாயிற்று. ஆயினும் உலகத்தின் அத்தனை ஊர் மணப்பந்தல்களையும் ஒரு தொகுப்பில் அடைத்துவிட முடியுமா? இதனிடையே, 1890 களிலிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாக ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டு வரும் ‘டெக்கேட்ஸ் சேலஞ்ச்’ என்னும் ஆட்டமுறை ஆடுவோரிடையே பரவியது. காலத்திற்கேற்ற உடை இல்லாமல் அந்த ஆட்டம் நகராது. பழைய உடைகளுக்கான விண்ணப்பங்கள் பெருகியது இப்படித்தான்.

பொம்மைக்கு உடை மாற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் புதியதன்று. 1810 இல் லண்டனில் ஃபுல்லர் அச்சகத்தார் ‘சிறுமி ஃபேனியின் வரலாறு’ என்னும் நூலை வெளியிட்டனர். வெட்டி எடுத்த தாள் உருவத்திற்குத் தாள் ஆடைகளை மாற்றி மாற்றி அணிவித்துக்கொண்டே கதையைப் படிக்கலாம். அதற்கும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதீனாவின் ஒரு வீட்டில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதை நாம் அறிவோம். அவற்றுள் ஒரு குதிரைக்குத் துணித் துண்டுகளால் இறக்கை கட்டியிருந்தார்கள். குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் விடை சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி.

அதே அன்னையவர்களைப் பற்றிய மற்றொரு செய்தி எங்கள் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. ஸஹீஹுல் புகாரீயில், மணப்பெண்ணுக்காக ஆடை இரவல் வாங்குதல் என்னும் தலைப்பின்கீழ் அது இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் அன்னையவர்களைக் காணச் சென்ற அய்மன் என்பார், ஐந்து திர்ஹம் மட்டுமே பெறுமதியுள்ள ‘கித்ர்’ என்னும் முரட்டுத் துணியில் ஆன சட்டையை அவர்கள் அணிந்திருப்பதைக் கண்டார். அன்னையவர்கள் தம் பணிப்பெண்ணைக் காட்டி, இந்தப் பெண் இதை வீட்டுக்குள் அணியவே நாணுகிறாள்; நபியவர்களின் காலத்தில் என்னிடம் இத்தகைய சட்டை ஒன்று இருந்தது; மதீனாவில் அலங்கரிக்கப்படும் எந்தப் பெண்ணுக்கும் அதைக் கேட்டு என்னிடம் ஆள் அனுப்புவார்கள் என்ற பொருள்படக் கூறினார்கள்.

இச்செய்தியைத் துணி வரலாற்றின் கண்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு நகரத்தில் ஒரே மண உடை வீடு வீடாகச் செல்கிறது. ஒரு தலைமுறைக்குள் அதே துணி பணிப்பெண்ணுக்கும் வேண்டாததாகிவிடுகிறது. உலகத்தின் அருங்காட்சியகங்களில் மன்னர்களின் ஆடைகள் தொங்குகின்றன. ஐந்து திர்ஹம் சட்டையின் விலையையும், அதை யார் விரும்பினார், யார் வெறுத்தார் என்பதையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பதிவுகள் மிகச் சிலவே. அதைச் சொல்லி வைத்தது அதை அணிந்த பெண்மணியின் வாய்மொழியே.

மண உடையை இரவல் கேட்பதும் கொடுப்பதும் மதீனாவோடு முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை ஆடைகளுக்குப் பங்கீட்டு முறை இருந்தது. கூப்பன் இல்லாமல் துணி வாங்க இயலாது. படைப்பணியில் இருந்த மணப்பெண்களுக்கு உதவும்பொருட்டு, நாவலாசிரியர் பார்பரா கார்ட்லண்ட் பிறருடைய பழைய மண அங்கிகளைத் திரட்டி இரவலாகக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1947 இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்திற்காக மக்கள் தம் சொந்தக் கூப்பன்களை அனுப்பி வைத்தனர். ஒருவர் கூப்பனை மற்றவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. நம் நாட்டிலும் 1943 முதல் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அக்காலத்தில் ஒரு வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் மணமேடை ஏறியதை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

வரலாற்று உடை என்று விளையாட்டுலகில் கேட்டால் வந்து குவிவது பெரும்பாலும் வெள்ளை அங்கிதான். அதுவும் நாம் எண்ணுமளவுக்குப் பழையதன்று. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசியார் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டில், ஹானிட்டன் லேஸ் வைத்துத் தைத்த வெண்ணிற ஆடையில் மணம் புரிந்தார். உள்நாட்டு நெசவாளருக்கும் லேஸ் பின்னும் பெண்களுக்கும் ஆதரவு தருவது அவர் நோக்கங்களுள் ஒன்று. அவருக்கு முன்னும் வெண்மை அணிந்த மணப்பெண்கள் உண்டு. ஆனால் அரசியாரின் படம் அச்சில் பரவிய பின்னரே அது வழக்கமாக ஊன்றியது. அப்போதும் எளிய வீட்டுப் பெண்கள் தம்மிடமிருந்த நல்ல உடை எந்த நிறமாயினும் அதையே அணிந்தனர். திருமணத்திற்குப் பின்னும் அதுவே ஞாயிற்றுக்கிழமை உடை. ஒரே ஒரு நாளுக்கென்று ஓர் ஆடை என்பது செல்வம் பெருகிய காலத்துப் பழக்கம்.

இனி எங்கள் வீட்டு விடயத்திற்கு வருகிறோம்.

உம்மம்மாவின் நிக்காஹ்வில் படம் எடுக்கவில்லை. மணப்பெண்ணைப் புகைப்படக்காரர் முன் நிறுத்தும் வழக்கம் அன்று எங்கள் ஊரில் இல்லை. எங்களிடம் இருப்பது 1956 இல் எடுத்த ஒரே படம். அதுவும் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் தந்தையார், கொழும்பில் கடை வைத்திருந்தார். 1948 இல் இலங்கை தன் குடிவரவுச் சட்டத்தை இயற்றும்வரை நம்மவர் கடல் தாண்டிப் போய்வருவது பக்கத்து ஊருக்குப் போய்வருவது போலத்தான் இருந்தது. அதன் பின் தாளும் முத்திரையும் தேவைப்பட்டன; தாளில் ஒட்டப் பெண்களுக்கும் படம் தேவைப்பட்டது. நம் கடற்கரையூர்களில் எத்தனையோ வீடுகளில் பாட்டிமாரின் முதல் புகைப்படம் குடிவரவு அலுவலகத்தின் பொருட்டு எடுக்கப்பட்டதாகவே இருக்கும். உம்மம்மா அன்று தம்மிடமிருந்த மிகச் சிறந்த சேலையை, மணச் சேலையை, உடுத்திக்கொண்டு அமர்ந்தார். படம் மார்போடு முடிந்துவிடுகிறது. கரையும் முந்தானையும் படத்துக்கு வெளியே.

சரி, சேலை எங்கே? விற்றாயிற்று. எப்போது என்று எவருக்கும் சரியாக நினைவில்லை. எழுபதுகளில் ஒரு பெண்ணின் திருமணச் செலவுக்காக என்கிறார்கள். பழைய பட்டு வாங்க வீதி வழியே வரும் வணிகருக்கு உம்மம்மாவின் நினைவுகளில் அக்கறை கிடையாது. அவர் வாங்கியது ஜரிகையை. அன்றைய நல்ல ஜரிகை, பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. சேலையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி எஞ்சும். நம் முன்னோரின் மணச் சேலைகள் மிகுதியாக நம்மிடம் இல்லாமற் போனதற்குப் பூச்சியும் ஈரமும் மட்டும் காரணமல்ல. அவை அடகுப்பொருளாகவும் சேமிப்பாகவும் இருந்தன. தேவை வந்தபோது உருகின. இதில் வருந்துவதற்கு நமக்கு உரிமை உண்டா என்றுகூட ஐயம் எழுகிறது. அந்தச் சேலையின் வெள்ளியில்தான் இன்னொரு பெண்ணின் நிக்காஹ் நடந்தது.

இருக்கும் ஒரே சாட்சி உம்மம்மாவின் தங்கை. மணத்தின்போது அவருக்கு ஒன்பது வயது, இன்று எண்பது. சின்ன உம்மம்மா என்று அழைப்போம். மகள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அவர் முன் அமர்ந்தாள். நிறம் என்னவென்று கேட்டதற்கு, “அரக்குச் சிவப்பு, வாப்பா. கரை பச்சை. காட்டுப் பச்சை” என்றார். எங்கள் உம்மாவோ சேலையைத் தாம் சிறுவயதில் பெட்டியில் கண்டதாகவும், உடல் முழுவதும் பச்சை என்றும் உறுதியாகச் சொன்னார். படத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர் சிவப்பும் அடர் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று மதிய உணவு சற்று அமைதியாகவே நடந்தது.

தலையை மூடியது முந்தானைதானா என்னும் கேள்விக்குச் சின்ன உம்மம்மா வாயால் விடை சொல்லவில்லை. பெட்டியிலிருந்து வேறொரு சேலையை எடுத்துவரச் சொன்னார். மகளை நிற்க வைத்துத் தாமே உடுத்திவிட்டார். கைகள் நடுங்கின, ஆனால் எந்த இடத்தில் எத்தனை மடிப்பு என்பதில் ஒரு தயக்கமும் இல்லை. முந்தானை பின்புறமாகச் சென்று தலைமீது ஏறி, நெற்றிக்கு மேல் மூன்று விரல் விட்டு நின்றது. அதன்மேல் வெள்ளைத் துப்பட்டி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்கள் வீதியில் இறங்கும்போது தலை முதல் கால்வரை போர்த்திய அந்த வெண்துப்பட்டியைக் கறுப்புப் பர்தா மாற்றி நெடுங்காலம் ஆகவில்லை. ஆனால் எங்கள் மகள் அதைக் கண்டதே இல்லை. சட்டையின் கை முழங்கையைத் தாண்டியது. கழுத்தில் கருகமணி. காதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வளையங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்தோம். அறியாதவருக்கு மகளின் முகத்தை அனுப்ப மனமில்லாமையால் கழுத்துக்கு மேலுள்ளவற்றைத் தலைத்துணி மட்டும் தெரியும்படி வெட்டி அனுப்பினோம்.

சுற்றிக் கட்டும் ஆடை கணினிக்குப் பெரிய இடையூறு என்பது அடுத்த மடலில் தெரிந்தது. விளையாட்டில் ஆடை என்பது ‘மெஷ்’ எனப்படும் வலைவடிவ ஓடு. அதன்மேல் துணியின் ஓவியத்தை ஒட்டுகிறார்கள். அந்த ஓடு உடலின் எலும்புகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். கால் நகர்ந்தால் அதுவும் நகரும். தைத்த அங்கிக்கு இது எளிது. சேலையோ ஐந்தரை மீட்டருக்குக் குறையாத தைக்காத ஒரே துணி. கணினிக்காக அதை ஒரு கூடாக வார்த்துவிட வேண்டும். மடிப்புகள் மடிப்பாக இருப்பதில்லை. மடிப்பின் ஓவியமாக இருக்கும். தலைத்துணி இன்னொரு சிக்கல். விளையாட்டு அதைத் தொப்பியாகவே கருதும். கூந்தல் அதன் வழியே வெளியே நீட்டிக்கொண்டு வரும். காதணிக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஆகவே எங்கள் பாட்டிமாரின் வளைய வரிசை முழுவதையும் ஒரே நகையாகச் செய்ய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் ஊதியம் இல்லாமல் ஒருவர் நமக்காகச் செய்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆக்கியவர் பெயரைச் சொல்வது, அவர் பொருளை நம்முடையதென்று பரப்பாதிருப்பது ஆகியவை அவ்வுலகின் ஒழுக்கங்கள். அமானிதம் என்றால் என்னவென்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதுவும் ஒரு வாய்ப்பாயிற்று.

மணமகன் உடை கேட்கப் போய் எங்கள் வீட்டில் ஒரு சிறு ஃபிக்ஹ் வகுப்பே நடந்தது. மகள் பளபளக்கும் பட்டு ஷேர்வானி ஒன்றைத் தேர்ந்திருந்தாள். பட்டும் பொன்னும் இச்சமுதாயத்தின் பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகா என்பது நபிமொழி. பொம்மைக்கு என்ன ஹராம் என்று அவள் சிரித்தாள். உன் கொள்ளுத்தாத்தா அணிந்திருக்க மாட்டாரே, வரலாறு பிழையாகுமே என்றோம். அந்த வாதம் எடுபட்டது.

அந்த விலக்கு உலகத்துக்கு ஒரு புதிய துணியையே தந்திருக்கிறது. ‘மஷ்ரூ’ என்பது அதன் பெயர். மார்க்கத்தால் அனுமதிக்கப்பட்டது என்பது அரபுச் சொல்லின் பொருள். நெடுக்கே பட்டு நூல், குறுக்கே பருத்தி நூல்; அட்லஸ் முறையில் நெய்வதால் பட்டு வெளிமுகமாகப் பளபளக்கும், பருத்தி உடலைத் தொடும். உஸ்மானியர் ஆட்சிப் பகுதிகளிலும் குஜராத்திலும் தக்காணத்திலும் அது நெய்யப்பட்டது. குஜராத்தின் பட்டணில் இன்னும் நெய்கிறார்கள். சட்ட அறிஞர்கள் நூலையும் விட்டுவைக்கவில்லை. ஹனஃபீ மத்ஹபில் குறுக்கு நூல் எதுவோ அதுவே துணியின் இயல்பைத் தீர்மானிக்கும். ஆகவே பருத்தியைக் குறுக்கே ஓட்டிய மஷ்ரூ ஆகும். நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் எடையே அளவுகோல். பட்டின் எடை மிஞ்சக் கூடாது. ஆடையின் ஓரத்தில் நான்கு விரல் அகலம்வரை பட்டுக்கு இசைவு உண்டு என்பதும் உமர் (ரலி) அவர்கள் வழியாக வந்த செய்தி. நெசவாளனின் தறிக்கும் ஃபகீஹின் நூலுக்கும் இடையே இப்படியோர் உரையாடல் நடந்திருப்பது எங்களுக்கே புதிய மகிழ்ச்சியாக இருந்தது. கரை எத்தனை விரல் என்று அந்த ஐரோப்பியப் பெண்மணி கேட்டதற்கு, மணமகனின் சால்வையைப் பொறுத்தவரை நான்கு விரல் என்று தயங்காமல் எழுதினோம்.

அப்பாவின் உடை எளிதில் கிடைத்தது. ஆண்கள் படம் எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை. வெள்ளை வேட்டி, நீண்ட வெள்ளைச் சட்டை, அதன்மேல் மூடிய கழுத்துக் கோட்டு, தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. அந்தத் தொப்பியின் கதை விசித்திரமானது. 1829 இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தலைப்பாகையை ஒதுக்கி அதை அரசு அலுவலருக்கு உரியதாக்கினார். புதுமையின் அடையாளமாகவே அது வந்தது. 1925 இல் துருக்கிக் குடியரசு அதைப் பழமையின் அடையாளம் என்று சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்தியாவிலோ கிலாஃபத் இயக்கக் காலத்தில் அது முஸ்லிம்களின் தலையில் ஊன்றி நின்றது. துருக்கியில் தடைசெய்யப்பட்டு முப்பது ஆண்டு ஆகியும், எங்கள் ஊர் மணமகன் அதை அணிந்துகொண்டு பெண் வீட்டுக்கு ஊர்வலம் போனார். வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலியையும் மகள் கேட்டு வாங்கினாள். அந்தக் கட்டத் துணிக்கு மலாய் மொழியில் இன்றும் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். பெலிக்கட் என்பது நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறிய துணி, ஊரின் பெயரையும் எடுத்துச் சென்றிருக்கிறது.

சேலையின் நிறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விளையாட்டில் ஓர் ஆடையைப் பல வண்ண மாதிரிகளில் வைக்கலாம். அந்தப் பெண்மணி அரக்குச் சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டையும் செய்து அனுப்பினார். இரண்டிற்கும் ஒரே கரை, ஒரே மடிப்பு. பிறரும் எடுத்துப் பயன்படுத்தலாமா, என்ன பெயர் இடுவது என்று கேட்டிருந்தார். ‘முஸ்லிம் மணப்பெண்’ என்று இட வேண்டாம் என்றோம். ‘தமிழகத் தென்கடற்கரை, 1954’ என்று எழுதி அனுப்பினோம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சின்ன உம்மம்மாவை நாற்காலியில் அமர்த்தி மகள் திரையைக் காட்டினாள். சிவப்புச் சேலையில் உம்மம்மா முற்றத்தைக் கடந்து வந்தார். துப்பட்டியின் ஓரம் தரையைத் தொட்டது. சின்ன உம்மம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எங்கள் உம்மா, “பச்சையையும் காட்டு” என்றார். காட்டினாள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்துச் சின்ன உம்மம்மா விரலால் திரையைத் தொட்டு, “தலையில பூவைக் காணோமே, பிள்ளை. அன்னைக்குப் பிச்சிப்பூ வச்சிருந்தா, முக்காட்டுக்கு உள்ள. நான்தானே தொடுத்தேன்” என்றார்.

முக்காட்டுக்குள் இருக்கும் பூ யார் கண்ணுக்கும் தெரியாதே என்று மகள் சொல்லிப் பார்த்தாள். பின்னர் நான்காவது மடலை எழுத உட்கார்ந்தாள்.